ஸ்கேன்ல எண்டோமெட்ரியம் 16 எம்எம்னு போட்டிருக்கு, பயப்படணுமா?

மழைமேகம்:
ஹாய் தோழிகளே, இவ்ளோ நாள் சைலண்டா படிச்சுட்டு போயிட்டிருந்தவ, இன்னைக்கு தான் முதல் பதிவு போடுறேன். வயசு 34, ஒரு பையன் இருக்கான், இன்னொன்னு வேணும்னு ஆசை. எனக்கு பீரியட்ஸ் எப்பவுமே தள்ளி தள்ளி தான் வரும், சில சமயம் ரெண்டு மாசம், சில சமயம் மூணு மாசம் கழிச்சு, ஆனா வந்துச்சுன்னா ஒரு வாரம் தாண்டியும் நிக்காது, கட்டி கட்டியா போகும். இந்த தடவை ரொம்ப தள்ளிப்போச்சேன்னு ஸ்கேன் எடுக்க சொன்னாங்க, எடுத்தா எண்டோமெட்ரியம், அதாவது கர்ப்பப்பை உள்சுவர், 16 எம்எம், தடிச்சிருக்குன்னு எழுதி கீழ ரெண்டு ஓவரியிலயும் நீர்க்கட்டின்னும் போட்டிருக்காங்க. டாக்டர் அப்பாயின்ட்மென்ட் அடுத்த வாரம் தான். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாம நெட்ல தேடினேன், எந்த பக்கம் திறந்தாலும் கேன்சர்ல தான் போய் முடியுது. ராத்திரி தூக்கமே இல்ல. யாருக்காவது இப்படி வந்திருக்கா?

தாமரை:
சிஸ் முதல்ல அந்த தேடுறத நிறுத்துங்க. எனக்கும் பிசிஓடி, அதான் இந்த ஓவரி நீர்க்கட்டி பிரச்சனை தான், ஒரு தடவை இதே மாதிரி தடிச்சிருக்குன்னு வந்துச்சு, ஒண்ணும் ஆகல. மாத்திரை குடுத்தாங்க, பீரியட்ஸ் வந்துச்சு, மறு ஸ்கேன்ல குறைஞ்சிருச்சு. ஸ்கேன் ரூம் அக்கா வருவாங்க, அவங்க தெளிவா சொல்லுவாங்க.

ஸ்கேன் ரூம்:
வந்துட்டேன். முன்னாடியே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல, ஸ்கேன் பிரிவுல வேலை பாக்குறவ, அதனால எனக்கு தெரிஞ்சது வரைக்கும் சொல்றேன், முடிவு உங்க டாக்டரோடது.

மழைமேகம், மூணு கேள்வி. ஸ்கேன் எடுத்த அன்னைக்கு கடைசி பீரியட்ஸ்ல இருந்து எத்தனாவது நாள்? வயிறு மேல வச்சு எடுத்ததா, உள்வழியா எடுத்த டிவிஎஸ்ஸா? பிரெக்னன்சி டெஸ்ட் பாத்தீங்களா? மூணாவதை கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க, ஆனா நாள் தள்ளிப்போய் சுவர் தடிச்சிருக்குன்னு வர்றவங்கள்ல சிலருக்கு விஷயம் அதுவா தான் இருக்கும். வீட்லயே ஒரு கார்டு வாங்கி பாத்துட்டு அப்புறம் கவலைப்படலாம்.

நாள் எதுக்கு கேக்குறேன்னா, இந்த எம்எம் நம்பர் தனியா நின்னு எதையும் சொல்லாது. பீரியட்ஸ் முடிஞ்ச கையோட பாத்தா சுவர் 2ல இருந்து 4 எம்எம் வரைக்கும் தான் இருக்கும். முட்டை வெடிக்கிற சமயத்துல 8, 10, 12ன்னு ஏறியிருக்கும். அடுத்த பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடி பாத்தா 16 கூட நார்மலுக்குள்ள தான் வரும். அதே 16 அஞ்சாவது நாள்ல வந்திருந்தா அது வேற கதை. மாதவிலக்கு இன்னும் வந்துட்டிருக்கிற பொண்ணுக்கு இத்தனை எம்எம் தாண்டினா ஆபத்துன்னு ஒரே ஒரு கோடு கிடையாது. நீங்க நெட்ல பாத்த 4 எம்எம், 5 எம்எம் கணக்கெல்லாம் பீரியட்ஸ் நின்னு போனவங்களுக்கு ரத்தம் பட்டா பாக்குறதுக்கு. ரெண்டையும் போட்டு குழப்பிட்டு தான் பாதி பேர் இங்க அழுதுட்டு வர்றாங்க.

மழைமேகம்:
அக்கா ரொம்ப தேங்க்ஸ். டிவிஎஸ் தான். கார்டு ரெண்டு தடவை பாத்தாச்சு, நெகட்டிவ். ஆனா கடைசி பீரியட்ஸ் வந்தே ரெண்டரை மாசம் இருக்கும், எத்தனாவது நாள்னு எப்படி சொல்றதுன்னு தெரியல. அப்போ நார்மலா இல்லையா?

ஸ்கேன் ரூம்:
அப்போ நார்மல்னும் சொல்ல முடியாது, பயப்படுன்னும் சொல்ல மாட்டேன். என்ன நடக்குதுன்னு சொல்றேன், பொறுமையா படிங்க.

கர்ப்பப்பை உள்சுவர் ரெண்டு அடுக்கு. அடியில இருக்கிறது அப்படியே இருக்கும், மேல இருக்கிறது தான் ஒவ்வொரு மாசமும் வளர்ந்து உதிரும். மாசத்தோட முதல் பாதியில ஓவரி சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் அந்த மேல் அடுக்கை வளர்க்குது. அப்புறம் முட்டை வெடிக்குது, வெடிச்ச இடத்துல மஞ்சளா ஒரு சின்ன சுரப்பி உருவாகும், அது தான் புரோஜெஸ்டிரோனை குடுக்குது. இந்த புரோஜெஸ்டிரோன் வந்ததும் வளர்ச்சி நின்னு சுவர் பக்குவமாகும். கரு தங்கலைன்னா ரெண்டு வாரத்துல அந்த சுரப்பி சுருங்கி, புரோஜெஸ்டிரோன் சட்டுனு இறங்கி, மேல் அடுக்கு மொத்தமா ஒரே சமயத்துல உதிரும். ரத்தக்குழாயும் சுருங்கி தானா நின்னுடும். அதனால தான் முட்டை ஒழுங்கா வெடிக்கிறவங்களுக்கு பீரியட்ஸ் சொன்ன நாள்ல வந்து நாலஞ்சு நாள்ல முடிஞ்சிடுது.

உங்களுக்கு முட்டை வெடிக்கல. அப்போ புரோஜெஸ்டிரோன் வராது, ஆனா ஈஸ்ட்ரோஜன் மட்டும் விடாம வந்துட்டே இருக்கு, சுவர் வளர்ந்துட்டே போகுது, தாங்க முடியாத கட்டத்துல இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம்னு உதிர ஆரம்பிக்குது. ஒரு பக்கம் உதிரும்போது இன்னொரு பக்கம் வளரும், அதான் வாரக்கணக்குல நிக்காம கட்டியா போகுது. அத பீரியட்ஸ்னு நாம சொல்றோம், உண்மையில அது சுவர் தாங்காம கசியுறது தான். இப்படி மாசக்கணக்கா வருஷக்கணக்கா புரோஜெஸ்டிரோனே படாம இருந்தா தான் சுவர் செல் அளவுக்கு மீறி பெருகுற ஹைப்பர்பிளேசியா, அதுக்கும் மேல போனா கேன்சர்னு வர வாய்ப்பு கூடுது. ஆக உங்க டாக்டர்கிட்ட நீங்க கேக்க வேண்டியது 16 ஏன் வந்துச்சுன்னு இல்ல, எனக்கு ஏன் முட்டை வெடிக்கல, இவ்ளோ நாள் சுவர் இப்படி இருந்ததுல செல் எதாவது மாறியிருக்கான்னு தான் கேக்கணும்.

சந்தேகப்பேர்வழி:
எல்லாரும் ஒண்ணா சேர்ந்து ஹார்மோன் மாத்திரையை தள்ளிவிடுறீங்க. எனக்கும் பிசிஓடி தான், வருஷத்துக்கு ரெண்டு தடவையோ மூணு தடவையோ தான் பீரியட்ஸ், எந்த மாத்திரையும் இல்ல, நல்லா தான் இருக்கேன். உடம்புக்கு எப்போ வேணுமோ அப்போ தானா வரும். அந்த மாத்திரை போட்டா வெயிட் ஏறும், நிறுத்தினா பழையபடி தள்ளிப்போகும், அப்போ எதுக்கு?

தாமரை:
நல்லா இருக்கேன்னு எப்படி தெரியும் சிஸ், உள்ள போய் பாத்தீங்களா 😅 தப்பா எடுத்துக்காதீங்க, நானும் இதே தான் சொல்லிட்டு திரிஞ்சேன். பீரியட்ஸ் வராம இருக்கிறது ஜாலியா தான் இருந்துச்சு.

ஸ்கேன் ரூம்:
சந்தேகப்பேர்வழி, நீங்க சொன்னதுல ஒரு விஷயம் சரி. மாத்திரை நிறுத்தினா பழையபடி தள்ளிப்போகும், ஏன்னா அது முட்டையை வெடிக்க வைக்கிறதுக்கான மாத்திரை இல்ல. மாத்திரை முடிஞ்சு ஒரு வாரத்துக்குள்ள வர்ற ரத்தமும் இயற்கையான பீரியட்ஸ் கிடையாது, புரோஜெஸ்டிரோனை குடுத்து நிறுத்தினதால சுவர் உதிருது, அவ்ளோ தான். அது தான் அதோட வேலையே. பிசிஓடி உள்ளவங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது சுவர் உதிரணும்னு டாக்டர்ஸ் சொல்றது இதுக்காக தான், வருஷத்துக்கு குறைஞ்சது நாலு. நீங்க ரெண்டு மூணுன்னு சொல்றீங்க. மாத்திரை பிடிக்கலைன்னா வேற வழி கேளுங்க, கர்ப்பத்தடை மாத்திரை இருக்கு, கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் காயில் இருக்கு, வெயிட் கூட இருந்தா அதுல 5ல இருந்து 10 சதவீதம் குறைச்சாலே பலருக்கு முட்டை வெடிக்க ஆரம்பிச்சுடும். ஒண்ணுமே செய்யாம தானா வரும்னு இருக்கிறது தான் எனக்கு பிடிக்கல, இத கொஞ்சம் காட்டமாவே சொல்றேன், ஏன்னா டேபிள்ல படுத்திருக்கிறவங்க முகத்தை பாக்குறவ நான்.

வெயிட் எதுக்கு இதுல வருதுன்னு கேப்பீங்க. உடம்புல இருக்கிற கொழுப்பு சும்மா கிடக்கிறது இல்ல, ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனா மாத்துற என்சைம் அதுல இருக்கு. ஓவரி ஒரு பக்கம், கொழுப்பு ஒரு பக்கம்னு ஈஸ்ட்ரோஜன் ரெண்டு வழியா வருது. இன்சுலின் கூடினா ரத்தத்துல ஹார்மோனை பிடிச்சு வைக்கிற புரதமும் குறையுது, அதனால சும்மா திரியுற ஹார்மோன் இன்னும் அதிகமாகுது. ஆனா ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் பிசிஓடி வரும், அவங்களையும் வெயிட் குறைன்னு சொல்லி அனுப்புறது அநியாயம்.

சந்தேகப்பேர்வழி:
சரி, நாலு தடவை கணக்கு இப்ப தான் கேள்விப்படுறேன். யாருமே சொன்னதில்ல. பாக்குறேன்.

நித்யகல்யாணி:
எல்லாரும் தடிச்சிருக்குன்னு அழறீங்க, எனக்கு ஏறவே மாட்டேங்குது. ஐவிஎஃப்ல இருக்கேன், எம்ப்ரியோ ஃப்ரீஸ் பண்ணி வச்சிருக்காங்க, சுவர் 6 எம்எம் தாண்டலைன்னு டிரான்ஸ்ஃபர் தள்ளிப்போயிட்டே இருக்கு. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை டோஸ் ஏத்தியும் பாத்தாச்சு. முன்னாடி ஒரு அபார்ஷன் ஆகி கர்ப்பப்பையை சுரண்டி எடுக்கிற டி அண்ட் சி பண்ணாங்க, அதுக்கப்புறம் பீரியட்ஸ் ரொம்ப கம்மியா தான் வருது, ஒரு நாள் தொட்டு காட்டிட்டு போயிடும். ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் நார்மல்.

ஸ்கேன் ரூம்:
நித்யா, ஹார்மோன் நார்மல், டி அண்ட் சிக்கு அப்புறம் ரத்தம் குறைஞ்சிருச்சு, மாத்திரைக்கும் சுவர் ஏறல. இந்த மூணும் ஒண்ணா வந்தா உள்ள ஒட்டிக்கிட்டிருக்கான்னு பாக்கணும், ஆஷர்மேன்னு சொல்லுவாங்க. சுவர் திரும்ப வளர்றது அடி அடுக்குல இருந்து தான், சுரண்டும்போது அந்த அடி அடுக்கே அடிபட்டிருந்தா மேல எவ்ளோ ஈஸ்ட்ரோஜன் ஊத்தினாலும் வளராது. ஹிஸ்டிரோஸ்கோப்பி பண்ணி கேமரால நேரா பாத்தா தான் உறுதியா தெரியும், ஒட்டியிருந்தா அப்பவே பிரிச்சும் விடலாம். பண்ணாங்களா? கர்ப்பப்பையில டிபி இருந்தாலும் இப்படி சுவர் வளராம போகும், அதையும் பாத்துட்டாங்களான்னு கேட்டுக்கோங்க.

7 எம்எம்க்கு கீழ இருந்தா கரு தங்குற வாய்ப்பு குறையுது, அதான் தள்ளிப்போடுறாங்க. அதுக்காக 6ல யாருக்குமே தங்கினதில்லன்னு அர்த்தம் இல்ல, தங்கியிருக்கு.

நித்யகல்யாணி:
ஹிஸ்டிரோஸ்கோப்பி யாரும் சொல்லல அக்கா. திங்கக்கிழமை போறேன், இதையே கேக்குறேன்.

தாமரை:
நித்யா சிஸ், எனக்கு முன்னாடி முட்டை வெடிக்க குடுத்த ஒரு மாத்திரையில சுவர் மெலிஞ்சுடுச்சு, அப்புறம் வேற மாத்தி குடுத்தாங்க.

ஸ்கேன் ரூம்:
குளோமிஃபீனா இருக்கும். அது ஈஸ்ட்ரோஜன் போய் உக்கார்ற இடத்தை அடைச்சு தான் வேலை செய்யுது, சுவர்லயும் அதே அடைப்பு விழும், அதான் முட்டை நல்லா வளர்ந்தும் சுவர் மெலிஞ்சு நிக்கும். அதுக்கு பதிலா குடுக்கிற லெட்ரோசோல்ல அந்த பிரச்சனை குறைவு.

பூவரசி:
இடையில வர்றேன் மன்னிக்கணும். அம்மாவுக்கு 58 வயசு, பீரியட்ஸ் நின்னு பல வருஷம் ஆச்சு. போன வாரம் லேசா ரத்தம் பட்டிருக்கு, எங்ககிட்ட சொல்லவே இல்ல, துணி துவைக்கும்போது பாத்தேன். கேட்டா சூடு தான், தானா சரியாயிடும்னு சொல்றாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மார்புல கேன்சர் வந்து ஆபரேஷன் ஆச்சு, இப்பவும் டாமாக்சிஃபென் போட்டுட்டு இருக்காங்க. ஸ்கேன் எடுத்து பாத்துட்டு 4 எம்எம்குள்ள இருந்தா விட்டுடலாமா?

ஸ்கேன் ரூம்:
விடக்கூடாது. பூவரசி, இத மத்தது எதோடயும் சேக்காதீங்க. பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் தாண்டின யாருக்கும் ஒரு சொட்டு பட்டாலும் போய் காட்டணும். நிறைய பேருக்கு சுவர் வறண்டு மெலிஞ்சதால தான் வரும், இல்லன்னா பாலிப்னு ஒரு சின்ன சதை வளர்ச்சியா இருக்கும், ஆனா கேன்சர் இல்லன்னு பாத்து தான் சொல்லணும், சூடுன்னு வீட்ல உக்காந்து சொல்லக்கூடாது.

உங்க அம்மா விஷயத்துல இன்னொன்னு. டாமாக்சிஃபென் மார்புல ஈஸ்ட்ரோஜனை தடுக்கும், ஆனா கர்ப்பப்பை சுவர்ல ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துக்கும். அந்த மாத்திரை போடுறவங்களுக்கு சுவர் ஸ்கேன்ல தடிப்பா தெரியும், சின்ன சின்ன நீர்க்கட்டியா தெரியும், அதனால 4 எம்எம் கணக்கை வச்சு அவங்களுக்கு ஆறுதல் சொல்ல முடியாது. ரத்தம் பட்டிருந்தா நேரா சுவர்ல இருந்து துளி எடுத்து லேப்ல பாக்குற பயாப்சியோ ஹிஸ்டிரோஸ்கோப்பியோ தான். மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, அது அவங்களுக்கு ரொம்ப முக்கியம், கேன்சர் டாக்டர்கிட்டயும் மகளிர் டாக்டர்கிட்டயும் இந்த வாரமே சொல்லுங்க.

பூவரசி:
நாளைக்கே கூட்டிட்டு போறேன். அம்மாவுக்கு வெக்கம், அதான் சொல்லல.

உமா அக்கா:
பூவரசி, அம்மா வெக்கப்பட்டா லேடி டாக்டரா பாத்து கூட்டிட்டு போம்மா, நீ கூடவே உள்ள போ, அவங்களுக்கு பதிலா நீ சொல்லு. எங்க வயசுல இதையெல்லாம் வாய்விட்டு சொல்லி பழக்கமே இல்ல.

எனக்கு ஒரு சந்தேகம் ஸ்கேன் ரூம். எனக்கு 51, போன வருஷம் நின்னுச்சு, உடம்பெல்லாம் எரியுது, ராத்திரி வேர்த்து கொட்டுது. ஈஸ்ட்ரோஜன் ஜெல் குடுத்து கூடவே ஒரு மாத்திரையும் போட சொன்னாங்க. ஜெல்லே போதும்னு நினைச்சு மாத்திரையை விட்டுட்டேன். சரி தானா?

ஸ்கேன் ரூம்:
அக்கா, கர்ப்பப்பை இருக்கா?

உமா அக்கா:
இருக்கு.

ஸ்கேன் ரூம்:
அப்போ அந்த மாத்திரை தான் உங்க சுவருக்கு காவல். ஈஸ்ட்ரோஜன் ஜெல்லா இருந்தாலும் பேட்ச்சா இருந்தாலும் ரத்தத்துல கலந்து சுவரை வளர்க்கும். ஒரு காலத்துல ஈஸ்ட்ரோஜனை தனியா தான் குடுத்தாங்க, 1975ல தான் அப்படி குடுத்தவங்களுக்கு கர்ப்பப்பை சுவர் கேன்சர் கூடுதுன்னு ஆய்வு வெளியாச்சு, அதுக்கப்புறம் தான் கர்ப்பப்பை உள்ளவங்களுக்கு புரோஜெஸ்டிரோனும் சேர்த்து குடுக்கிற வழக்கம் வந்துச்சு. இன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணி இத்தனை நாள் விட்டுட்டேன்னு சொல்லிடுங்க, திட்டினாலும் பரவாயில்ல.

மழைமேகம்:
எல்லாருக்கும் வணக்கம், டாக்டரை பாத்துட்டு வந்துட்டேன். தைராய்டு, புரோலாக்டின், சுகர், ஹீமோகுளோபின் எல்லாம் எடுத்தாங்க. தைராய்டு தூங்குதாம், டிஎஸ்எச்னு தைராய்டு டெஸ்ட் அளவு அதிகமா இருக்கு, அதுக்கு மாத்திரை ஆரம்பிச்சாச்சு. ஹீமோகுளோபின் 9 தான், நடந்தா மூச்சு வாங்குறதுக்கு அது தான் காரணமாம், நான் வெயிட்னு நினைச்சுட்டிருந்தேன். அப்புறம் பயாப்சி எடுத்தாங்க. மயக்க மருந்தெல்லாம் இல்ல, பேனா ரீஃபில் மாதிரி ஒரு மெல்லிசு குழாயை உள்ள விட்டு உறிஞ்சி எடுத்தாங்க. வலிக்காதுன்னு சொன்னாங்க, பொய், நல்லாவே இழுத்து பிடிச்சுது, பீரியட்ஸ் வலி மாதிரி ஆனா அதை விட கூட, ஆனா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. பாட்டில்ல போட்டதை பாத்தேன், சிவப்பா நூல் நூலா இருந்துச்சு. ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகுமாம்.

தாமரை:
வலிக்காதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு தடவை எடுத்து பாக்கணும்!! போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வலி மாத்திரை போட்டுட்டு போலாமான்னு கேட்டா பெரும்பாலும் சரின்னு தான் சொல்லுவாங்க, இனிமே எடுக்கப் போறவங்க கேட்டுக்கோங்க.

ஸ்கேன் ரூம்:
தைராய்டு சொன்னீங்கள்ல, அதுவும் இதுல பங்காளி தான். தைராய்டு குறைஞ்சா மூளையில இருந்து அதை தூண்டுற ஹார்மோன் கூடும், அது கூடவே புரோலாக்டினையும் ஏத்தும், புரோலாக்டின் ஏறினா முட்டை வெடிக்கிறது தடைபடும். தனியாவே ரத்தப்போக்கையும் கூட்டும். அதனால நீர்க்கட்டின்னு ஒரு வார்த்தையில முடிச்சுடாம இதையெல்லாம் பாத்த டாக்டர் நல்ல டாக்டர் தான்.

மழைமேகம்:
ரிசல்ட் வந்துருச்சு. ஹைப்பர்பிளேசியா வித்தவுட் ஏடிபியான்னு போட்டிருக்கு. டாக்டர் கேன்சர் இல்ல, சரி பண்ணிடலாம்னு சொன்னாங்க. வீட்ல தான் பிரச்சனை. ஒரு குழந்தை இருக்குல்ல, பேசாம கர்ப்பப்பையை எடுத்துடு, பின்னாடி கேன்சரா மாறினா என்ன பண்றதுன்னு மாமியார் சொல்றாங்க, இவரும் தலையாட்டுறார். டாக்டர் ஹார்மோன் காயில் போடலாம்னு சொல்றாங்க, எனக்கு இன்னொரு குழந்தை வேணும்.

ஸ்கேன் ரூம்:
ஏடிபியா இல்லைன்னு வந்தது தான் இந்த இழையிலயே பெரிய சந்தோஷம். செல் அதிகமா வளர்ந்திருக்கு, ஆனா உருவம் கெடல. பிரிட்டன் மகப்பேறு டாக்டர்கள் கல்லூரி 2016ல வெளியிட்ட வழிகாட்டுதல்படி இந்த வகை 20 வருஷத்துல கேன்சரா மாறுறது 5 சதவீதத்துக்கும் கீழ, மருந்து குடுத்தா பெரும்பாலானவங்களுக்கு பழைய நிலைக்கு வந்துடும். கர்ப்பப்பையை எடுக்கிற பேச்சு முதல்லயே வர்றது ஏடிபியா இருக்கிற வகைக்கு, ஏன்னா அதுல கேன்சர் ஏற்கனவே ஒளிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டும் ஒரே பேர்ல ஆரம்பிக்குது, ஆனா ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மாமியார்கிட்ட நீங்க விளக்க வேணாம், அடுத்த தடவை வீட்டுக்காரரை டாக்டர் ரூமுக்குள்ள கூட்டிட்டு போங்க, டாக்டர் வாயால கேக்கட்டும்.

காயில்ல புரோஜெஸ்டிரோன் மாதிரியான மருந்து தினமும் துளித்துளியா நேரா சுவர்லயே இறங்கும், ரத்தத்துல கலக்கிறது கம்மி, அதனால தான் மாத்திரையை விட அதுக்கு பலன் கூட. காப்பர் டியோட குழப்பிக்காதீங்க, அதுல ஹார்மோனே இல்ல, இதுக்கு உதவாது. காயில் வேணாம்னா மாத்திரை இருக்கு, ஆனா மாசத்துல பத்து நாள் போட்டு நிறுத்துற மாதிரி இல்ல, விடாம குறைஞ்சது ஆறு மாசம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை திரும்ப பயாப்சி, ரெண்டு தடவை தொடர்ந்து சுத்தமா வரணும். குழந்தை வேணும்ங்கிறத டாக்டர்கிட்ட தெளிவா சொல்லுங்க. ஒரு பயாப்சியாவது சரியாயிடுச்சுன்னு வந்த பிறகு முயற்சி பண்ணலாம், காயில் போட்டிருந்தா எடுத்துட்டு முட்டை வெடிக்க மருந்து குடுப்பாங்க. அதுவரைக்கும் இரும்பு மாத்திரையை விட்டுடாதீங்க, 9ல கர்ப்பமானா கஷ்டம்.

சந்தேகப்பேர்வழி:
இந்த இழையை படிச்சுட்டு நானும் போய் ஸ்கேனுக்கு எழுதி வாங்கியிருக்கேன். எப்போ எடுத்தா நல்லது? எனக்கும் எத்தனாவது நாள்னு ஒரு கணக்கும் இல்ல.

ஸ்கேன் ரூம்:
பீரியட்ஸ் வந்தா, முடிஞ்ச கையோட வாங்க, அப்போ சுவர் மெலிசா இருக்கும், பாலிப் இருந்தா தெளிவா தெரியும். வரவே இல்லைன்னா காத்திருக்காதீங்க, கார்டு பாத்துட்டு எந்த நாளும் வரலாம், கடைசி தேதியை மட்டும் ஃபார்ம்ல எழுதுங்க, அத எழுதாம விட்டா ரிப்போர்ட் எழுதுறவங்களும் தடிச்சிருக்குன்னு மட்டும் தான் எழுத முடியும். அப்புறம் முட்டை வெடிச்சுதான்னு பாக்குற 21வது நாள் புரோஜெஸ்டிரோன் டெஸ்ட் எழுதியிருந்தா கேளுங்க, அது 28 நாள் சுழற்சி உள்ளவங்களுக்கு போட்ட கணக்கு. அடுத்த பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னாடி எடுக்கணும்ங்கிறது தான் விஷயம், 35 நாள்னா அது 28வது நாள். உங்கள மாதிரி எப்போ வரும்னே தெரியாதவங்களுக்கு அந்த டெஸ்ட் காசுக்கு தெண்டம்.

மழைமேகம்:
காயில் போட்டாச்சு தோழிகளே. இவர் உள்ள வந்து எல்லாம் கேட்டார், வீட்ல இப்போ அமைதி. ஆனா போட்டதுல இருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமா பட்டுட்டே இருக்கு, இது ஓகேவா?

ஸ்கேன் ரூம்:
முதல் மூணு மாசம், சிலருக்கு ஆறு மாசம் வரைக்கும் அப்படி இருக்கும், சுவர் மெலிய மெலிய குறையும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைஞ்சு ரெண்டு மணி நேரம் தாண்டினா, காய்ச்சலோட அடிவயிறு வலிச்சா, நாத்தம் அடிச்சா உடனே போகணும். முதல் செக்கப்ல காயிலோட நூல் சரியா இருக்கான்னு பாக்க சொல்லுங்க.

பூவரசி:
அம்மாவுக்கு ஹிஸ்டிரோஸ்கோப்பி முடிஞ்சுது. ஒரு பாலிப் இருந்துச்சு, எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்காங்க. ரிசல்ட் வந்ததும் போடுறேன்.